பதினாலாம் எலி

கூண்டின் தரைக்குப் பதினெட்டு எவர்சில்வர் கம்பிகள்.
கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன்.
ஒவ்வொன்றாக மட்டம் பார்த்தபடி பட்டறைக்காரர் கேட்டார்:
"எதுக்குங்க இது, இத்தன நெருக்கமா?"
"கோழிக்குஞ்சுக்குங்க" என்றேன்.
ஆய்வேட்டில் அந்தப் பொய்க்குப் பத்தி ஒதுக்கவில்லை.

ஒரு சத்தம், இருபது நொடி.
அதன் வால் நுனியில் மின்சாரம், அரை நொடி.
மூன்று தரம் போதும்.
மறுநாள் வெறும் சத்தத்துக்கே எலி கல்லாகும்:
மீசை நிற்கும், விலாவில் மூச்சு மட்டும் ஓடும்.
ஸ்டாப்வாட்சை அமுக்கி
அந்த அசையாமையை அளப்பேன்.
பயத்தை நிறுக்க எங்களிடம் உள்ள படிக்கல்
நொடி ஒன்றுதான்.

மனிதருக்கு அது வாதுமைப் பருப்பு.
எலிக்கு ஒரு கம்பு மணி, பக்கத்துக்கு ஒன்றாக.
உச்சிக்குழியிலிருந்து பின்னே இரண்டு புள்ளி எட்டு,
பக்கவாட்டில் ஐந்து, ஆழம் எட்டரை மில்லிமீட்டர்.
ஒரு துளி அமிலம் இங்கே, ஒரு துளி அங்கே.
பிறகு சத்தம் கேட்டாலும்
எலி பாட்டுக்குத் தீனி கொறிக்கும்.

கடல்குதிரை போல் வளைந்த இடத்தைக் கருக்கினால் கதை வேறு.
சத்தத்துக்கு உறையும்;
அடி வாங்கிய அதே கூண்டுக்குள்
விருந்துக்கு வந்ததுபோல் நுழையும்.
எனக்கும் சூலூர்ப் பிரிவு ஞாபகமில்லை.
பஸ்ஸில் தினம் அதைக் கடந்துதான் வருகிறேன்,
ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு.
ஹாரன்தான் ஞாபகம்.

ஆடியில் ஒரு பிற்பகல்,
பாலக்காட்டுக் காற்று கண்ணாடியை உலுக்கிக்கொண்டிருந்தது.
ஆறுக்குட்டி அண்ணன் கூண்டுகளுக்கு உமி மாற்றும்போது
சட்டைப்பையில் போன் அடித்தது.
மகள் வாங்கிக் கொடுத்த புதுப் போன்.
கிட்டத்தட்ட என் சத்தம்.

அலமாரி முழுக்க உறைந்தது.
கூண்டுகளில் ஒரு சுரண்டல் இல்லை.
"என்னுங்க, கரண்டு போன மாதர ஆயிப்போச்சு?"
மூன்றாம் தட்டில் மட்டும் கொறிக்கும் ஒலி:
ஒன்பதிலிருந்து பதினாறு வரை, என் ஊசி பட்டவை.
அதிலும் பதினாலு
கம்பி வரைக்கும் வந்து
அவர் விரலை முகர்ந்தது.

அன்றிலிருந்து வாட்ச்மேனிடம் போனை ஒப்படைத்துவிட்டுத்தான் வருகிறார்.
யாரும் சொல்லவில்லை, அவராகவே.
நான் அந்த ஒரு அழைப்பைப்
பதிவேட்டில் எழுதாமல் விட்டேன்.

கார்த்திகையில் மூளைகளைச் சீவினேன்,
நாற்பது மைக்ரான் கனம், ஊதாச் சாயம்.
ஏழில் இரு பக்கமும் வெளிறிய ஓட்டை,
நினைத்த இடத்தில், நினைத்த அளவில்.
பதினாலில் ஊசி தவறியிருந்தது.
அமிலம் பக்கத்து நீர்க்குழியில் வடிந்து போயிருக்கிறது.
கம்பு மணி இரண்டும் முழுசாக, அடர் ஊதாவில்.

மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து டீ குடித்துவிட்டு வந்தேன்.
திரும்பப் பார்த்தேன். முழுசாகத்தான்.

விதிப்படி நீக்கியாயிற்று.
அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில்:
"இலக்குத் தவறியதால் ஒன்று சேர்க்கப்படவில்லை."
வரைபடம் அழகாக வந்தது,
பக்கத்துக்குப் பக்கம் இரண்டு தூண்கள்,
ஒன்று நெட்டை, ஒன்று குட்டை.

காலிக் கூண்டுகளைக் கழுவும்போது
ஆறுக்குட்டி அண்ணனிடம் சொன்னேன்.
நுரைக் கையோடு கொஞ்ச நேரம் நின்றார்.
"அதுக்குக் காது கேக்குமுங்களா?"

அதை யாரும் சோதிக்கவில்லை.
"கேக்குமுங்க" என்றேன்.

அவிநாசி ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
திறந்த குழாயில் சிறுவாணித் தண்ணீர்
என் கைமேல் போய்க்கொண்டே இருந்தது.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
அவர்தான் குழாயை மூடினார்.